மை புட்டியின் மூடி

பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: அதிகாரி. கம்பெனிக்காரர். வெளியே நிற்கச் சொல்லியும் உள்ளேயே நின்ற அவருடைய டிரைவர். டீ கொண்டுவந்தவர். மேசை ஓரத்தில் ஊதாப் பேனாவோடு ஒரு எழுத்தர். எங்கள் பக்கம் இஸ்திரிக்காரி, அவளுடைய மாமியார், தையல்காரி, நெட்டச்சி, வெடிச்சிரிப்பு, காய்கறி வண்டிக்காரி, பிரசவ வார்டு ஆயா, வாயை மூடாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள். மொத்தம் பதினான்கு பேர். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒருத்தரையும் விடவில்லை.

உன் மாநாட்டுக்காக, உலை வந்த கதையை நீ போனில் கேட்டாய். போனில் பேசினால் நடுவில் "ஒரு நிமிஷம்க்கா" என்று எங்கேயோ போய்விடுகிறாய். காகிதத்தில் அப்படிப் போக முடியாது, அதனால் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இல்லாவிட்டாலும் அது உன் மாநாட்டுக்கு உதவாது.

நடந்தது இதுதான். குப்பை எரிக்கிற உலை வைக்கப்போவதாக மக்களிடம் கருத்துக் கேட்க வந்தார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாங்கள் துணி உலர்த்தும் மைதானத்துக்கும் அந்த உலைக்கும் முந்நூறு அடிகூட இல்லை. நெட்டச்சி எழுந்து, "புகை வந்தா வெள்ளை விரிப்பெல்லாம் என்னாகும்?" என்றாள். "இது நவீன உலைம்மா, புகையே வராது" என்றார் கம்பெனிக்காரர். "அப்ப குழாய் எதுக்கு, அழகுக்கா?" என்று வெடிச்சிரிப்பு கேட்க, டிரைவரே சிரித்துவிட்டார். ஒன்பது பேரும் வேண்டாம் என்றோம். ஒவ்வொருத்தியாக எழுந்து நின்று சொன்னோம்.

அப்புறம் டீ, பிஸ்கட். "டீ வாங்கினவங்க வந்ததுக்கு அடையாளமா இந்தத் தாள்ல ரேகை வச்சிட்டுப் போங்க. கையெழுத்துத் தெரிஞ்சாலும் ரேகையே போதும், சீக்கிரம் முடியும்" என்றார் அதிகாரி. ஸ்டாம்ப் மை கொண்டுவர மறந்துவிட்டார். நான்தான் ஓடிப்போய்ச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்குக் குறிபோடும் கறுப்பு மையை எடுத்து வந்தேன். கொதிக்க வைத்தாலும் போகாத மை. பத்து நாள் எங்கள் கட்டைவிரல் கறுப்பாகவே இருந்தது. தாளின் மேல்பாதி காலியாக இருந்தது. பதினோரு மாதத்தில் உலை வந்தது.

கேட்டதை எழுதிவிட்டேன். கண்ணுக்கு மருந்து விடுகிறாயா?

உன் அக்கா

பிப்ரவரி 20

பேரன்புள்ள அக்கா,

உன் உடல்நலம் கேட்டு மகிழ்ந்தேன். என் கண்ணுக்குப் பரவாயில்லை, முழங்கால்தான் படியேற விடுவதில்லை. பேத்தி நலம்தானே?

உன் கடிதத்தைப் பேரவையின் கூட்டத்தில் வாசித்தேன். இரண்டு பேர் கண்கலங்கினார்கள். ஆகஸ்ட்டில் எங்கள் 'முழுப் பூமிக்கான பெண்கள் பேரவை' மாநாடு நடத்துகிறது. தலைப்பு, 'பூமித்தாயின் மகள்கள்'. பதினேழு நாடுகளிலிருந்து வருகிறார்கள். மேடையில் உனக்கு ஓர் இருக்கை போட்டிருக்கிறோம். இரண்டு நிமிடம் நீ பேசினால் போதும். நீதான் அக்கா எங்கள் வேர்.

வெளியீட்டில் உன் கடிதத்தைச் சற்றுச் சுருக்கிப் போடுகிறோம். டீ, தாள், ரேகை போன்ற சின்ன விவரங்கள் வாசகரைத் திசைதிருப்பும். அவற்றை எடுத்துவிட்டேன். இன்னொன்று: பதினான்கு பேர் என்கிறாய், பட்டியலில் பதின்மூன்று பேர்தான் இருக்கிறார்கள். உன்னையே விட்டுவிட்டாய்! சேர்த்துக்கொண்டேன்.

அன்புத் தங்கை

மார்ச் 5

தங்கச்சிக்கு,

அழைப்பிதழ் வந்தது. நல்ல தடிமன். பேத்தி அதில் வீடு செய்து விளையாடுகிறாள். அவளுக்கு ஏழு வயது, பையில் பென்சில் டப்பாவோடு மூச்சு மருந்தையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அவள் நலமா என்று கேட்டாயே, அதற்குப் பதில்.

இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறாய். இரண்டு நிமிடத்தில் நான் ஒரு தலையணை உறையைக்கூட அலசியதில்லை.

பூமித்தாய், பூமித்தாய் என்று அட்டை முழுக்கப் போட்டிருக்கிறீர்கள். ஒருத்தியை அம்மா என்று சொல்லிவிட்டால் ரொம்ப வசதி. கூலி தர வேண்டாம், ஓய்வு தர வேண்டாம், அழுக்கையெல்லாம் அவள் மடியில் போட்டுவிட்டுக் கவிதை படிக்கலாம். நம் அம்மாவை நாம் அப்படித்தான் வைத்திருந்தோம். மேடையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் யாருக்காவது வெட்கம் இருந்தால் பூமியைச் சலவைக்கூடம் என்று சொல்லுங்கள். அங்கே ஒவ்வொரு விரிப்பிலும் குறி இருக்கும். எந்த வார்டு அழுக்காக்கியது, எந்தக் கை துவைத்தது என்று கேட்டால் தெரியும். உங்கள் பூமியில் துவைக்கிறவள் எங்கே இருக்கிறாள்? ஓரமாக ஒரு நாற்காலியில், இரண்டு நிமிடம்.

உலைக்கு வரும் லாரியெல்லாம் உங்கள் ஊர்க் குப்பைதான். போன வாரம் ஒன்றிலிருந்து அடையாள அட்டை மாட்டும் கழுத்துப் பட்டைகள் கொத்தாகப் பறந்து வந்து மைதானத்துக் கொடியில் மாட்டிக்கொண்டன. நெட்டச்சி எடுத்துக் காட்டினாள். 'பூமியைக் காப்போம்' என்று போன வருட மாநாட்டுத் தேதியோடு. பிளாஸ்டிக். எரிந்தால் என்ன நாற்றம் வரும் என்று உன் பேரவைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

செய்தி இதுதான். இரண்டாவது உலை வைக்கப்போகிறார்களாம். ஜூன் 14 அன்று கூட்டம். "முதல் உலைக்கு இந்த மக்களே சம்மதம் கொடுத்துட்டாங்க, அதனால இது சும்மா ஒரு சடங்கு" என்று ஆபீஸில் சொல்லி அனுப்பினார்கள். ஆட்சேபணை இல்லை என்று தாள் இருக்கிறதாம். எழுந்து நின்று வேண்டாம் என்ற ஒன்பது பேர் எப்படிச் சம்மதம் கொடுத்தோம்? அந்த நாளில் நீ அதே ஆபீஸில் வேலை பார்த்தாய். உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கிறேன். சும்மாதான் கேட்கிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வெளிநாட்டில் இரண்டு கூட்டங்கள், திரும்பியதும் காய்ச்சல். இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்?

கழுத்துப் பட்டைகள் பற்றி நிர்வாகக் குழுவிடம் சொன்னேன். இந்த வருடம் துணியில் செய்வதாக முடிவெடுத்திருக்கிறோம். உன்னால்தான்.

பழைய தாள்களைப் பற்றிக் கேட்டாய். எவ்வளவோ தாள்கள், எவ்வளவோ கூட்டங்கள். அவற்றில் தேங்கிவிடாதே அக்கா. ஒரு குழாயை நிறுத்தினால் அது வேறோர் ஊருக்குப் போகும். நாம் கோளம் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இத்துடன் ஆகஸ்ட் பயணச்சீட்டு. ஜன்னலோர இருக்கை.

அன்புத் தங்கை

ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

பயணச்சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்க்க எனக்கு ஒன்றும் பாக்கி இல்லை.

தையல்காரியின் மகள் ஆபீஸுக்குப் போய் எட்டு தடவை மனு கொடுத்து, அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக் கொண்டுவந்துவிட்டாள். சலவைக்கூடத்தில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒன்பது ரேகை. எங்கள் மை எங்கள் மைதான், ஒரு துளி வெளுக்கவில்லை. "என் விரலு அப்பவே எவ்ளோ குண்டு பாரு" என்றாள் ரேடியோ. முதல் ரேகை என்னுடையது. பிழியும் இயந்திரம் கடித்த தழும்பு குறுக்கே ஓடுகிறது.

காலியாக இருந்த மேல்பாதியில் இப்போது ஊதா மையில் எழுதியிருக்கிறது. 'உலை அமைப்பதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என மனப்பூர்வமாகத் தெரிவிக்கிறோம்.' எழுதியவளுக்கு இடம் போதவில்லை. கடைசி வரி கீழே சரிந்து என் ரேகைமேல் ஏறியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பின் மேலே ஊதா. நாங்கள் ரேகை வைத்த பிறகு எழுதியது என்பதற்கு அது போதும் என்று தையல்காரி மகள் சொல்கிறாள். ஆனால் எழுதிய ஆள் வந்து சொன்னால்தான் அதிகாரி மறுக்க முடியாதாம்.

யார் கையெழுத்து என்று எல்லோரும் கேட்டார்கள். நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மேசை ஓரத்தில் ஊதாப் பேனாவோடு இருந்த எழுத்தர் நீ. நான் பதினான்கு வயதில் அழுக்குத் துணியில் கைவைத்ததே நீ பேனாவில் கைவைப்பதற்காகத்தான். அந்த எழுத்தை எனக்குத் தெரியாதா? இஸ்திரிக்காரியின் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். வெடிச்சிரிப்பு கடைசி இரண்டு வருடம் சிரிக்கவில்லை, சிரித்தால் இருமல் நிற்காது. அவளும் போய்விட்டாள். நீ பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய்.

எனக்கு ஒரே ஒரு பக்கம் வேண்டும். 'அவர்கள் போன பிறகு நான் எழுதினேன்' என்று உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூன் 14-க்குள். கவிதை வேண்டாம்.

காய்ச்சல் விட்டதா?

உன் அக்கா

மே 16

தங்கச்சிக்கு,

இருபத்தேழு நாள் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார், அவர்தான் தப்புச் செய்தவர் மாதிரி. ரோஷமுள்ள மனுஷன்.

கோளம் சுகமா?

உன் அக்கா

மே 28

அக்கா,

நலம். நீயும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

ஆமாம், நான்தான் எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கும் தற்காலிக வேலை. அவர் என்னை விட்டுப் போய் எட்டு மாதம். பிள்ளைக்கு ஆறு வயது. எல்லோரும் போன பிறகு அதிகாரி, "மேல ரெண்டு வரி எழுதும்மா, வழக்கமா எழுதறதுதான்" என்றார். எழுதினேன். அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் அந்த இரண்டு வரியை அழிக்கத்தான். நீ சிரிப்பாய். சிரி.

ஆனால் நீ கேட்கும் பக்கத்தை என்னால் தர முடியாது. நான் இப்போது ஒருத்தி இல்லை. பேரவையின் பொதுச்செயலாளரான நான் பொய்த்தாள் எழுதியவள் என்று தெரிந்தால் உலைக் கம்பெனிகள்தான் முதலில் கைதட்டும். பதினேழு நாட்டுப் பெண்களின் வேலையும் வீணாகும். ஒரு தெருவுக்காக முழுப் பூமியையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. பட்டியலில் உன்னை ஏன் விட்டாய்? ஒருத்தரையும் மறக்காதவள் நீ. நான் எழுதி முடித்து நிமிர்ந்தபோது கதவருகே நின்றிருந்தாய். மை புட்டியின் மூடியை மறந்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்திருந்தாய். மேசைக்கு வந்தாய். தாளைப் பார்த்தாய். உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். கொஞ்ச நேரம் பார்த்தாய். மூடியை எடுத்துக்கொண்டாய். "மத்தியானம் சாப்பிட்டியா?" என்று கேட்டாய். போய்விட்டாய்.

தங்கை

ஜூன் 6

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேத்திக்கு இருமல் குறையவில்லை. வேறு செய்தி இல்லை.

உன் அக்கா

ஜூன் 12

அக்கா,

நீ சுகமாக இருக்கிறாயா? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

என்னைத் திட்டாமல் நீ எழுதிய முதல் கடிதம் இது. நாற்பது தடவை படித்துவிட்டேன், பயமாக இருக்கிறது. பத்திரம் இத்துடன் இருக்கிறது. எல்லாம் எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேரவைக்கு ராஜினாமாவும் கொடுத்துவிட்டேன். கதவருகில் நின்றவளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அது என்னோடு இருக்கட்டும்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

தங்கை

ஜூன் 21

தங்கச்சிக்கு,

உன் பத்திரம் 15-ஆம் தேதி வந்தது, கூட்டம் முடிந்த மறுநாள். இருபத்திரண்டு வருடமும் ஒரு நாளும் எடுத்துக்கொண்டாய். பூமி உன்னை நம்பிச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை என்பது நல்லதுதான். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம் மட்டும் வரவில்லை, அது தண்டனை, நோயில்லை.

கூட்டத்துக்கு முதல்நாள் மிச்சமிருக்கும் ஆறு பேரையும் இஸ்திரி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். எழுதியது யார் என்று சொன்னேன். ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. அப்புறம் மூடியைப் பற்றிச் சொன்னேன். தங்கச்சி வேலை போய்விடும், பிள்ளை பட்டினி கிடக்கும் என்று அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டேன், அப்புறம் வருடம் ஆக ஆக வாயைத் திறக்க வழி தெரியவில்லை என்று சொன்னேன்.

ரேடியோ ரொம்ப நேரம் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில், "இருபத்திரண்டு வருஷமா எங்ககூட உக்காந்து டீ குடிச்சியேடி" என்றாள். அவ்வளவுதான். "வெடிச்சிரிப்பு செத்தப்ப கம்பெனிக்காரனை வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினியே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள் இஸ்திரிக்காரி. அவளுடைய மாமியாரும்தான் போனாள், அதை அவள் சொல்லவில்லை. ஆயா மட்டும் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கொடுக்கவில்லை.

மறுநாள் கூட்டத்துக்குப் புது அதிகாரி வந்திருந்தார். சின்ன வயசு, பெரிய கைக்கடிகாரம். நான் எழுந்ததும், "பாட்டி, சுருக்கமா சொல்லுங்க" என்றார்.

"சுருக்கமா சொன்னதாலதான் தம்பி இவ்வளவு வருஷமாச்சு" என்றேன்.

அன்றைக்கு இருந்த பதினான்கு பேரையும் வரிசையாகச் சொன்னேன். பதினான்காவது ஆள் திரும்பி வந்ததையும், பார்த்ததையும், பேசாமல் போனதையும் சொன்னேன். கட்டைவிரலை மேசைமேல் வைத்துத் தாளோடு ஒத்துப்பார்க்கச் சொன்னேன். கம்பெனியிலிருந்து வந்தவர், "அப்பவே ஏன் சொல்லலை? இப்ப யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். "யாரும் சொல்லிக் கொடுக்கலை. கோழைத்தனம். அதை நம்புறதுல உங்களுக்கு என்ன கஷ்டம், பழக்கமானதுதானே?" என்றேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு நொடி வெடிச்சிரிப்பு என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். "இந்த இடத்துல உலை வேண்டாம்னு எல்லாரும் சொல்றீங்க. சரிதானே?" என்றார்.

நெட்டச்சி எழுந்தாள். "இந்த இடத்துலன்னு எழுதாதீங்க. இங்க வேண்டாம்னா இன்னொரு ஊருக்குப் போகும். அங்கயும் ஒருத்தி துணி காயப்போட்டிருப்பா. எங்கயுமே வேண்டாம்னு எழுதுங்க."

"அது என் எல்லைக்கு வெளிய போகுதும்மா."

"காத்து மட்டும் உங்க எல்லைக்குள்ளயா நிக்குது?"

ஒரு குழாயை நிறுத்தினால் வேறோர் ஊருக்குப் போகும் என்று நீயும்தான் எழுதினாய். நீ அதைச் சொன்னது சும்மா இருப்பதற்கு. அவள் சொன்னது எழுந்து நிற்பதற்கு. பதினேழு நாடு சேர்த்து நீ இழுத்துக்கொண்டிருந்ததை அவள் துணிக்கவ்வியை இடுப்பில் செருகியபடியே சொல்லி முடித்துவிட்டாள். அதிகாரி எழுதினார். இந்தத் தடவை மேலே ஒரு விரல் அகலம்கூடக் காலியாக விடாமல் எழுதச் சொல்லி, தையல்காரி மகள் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் ரேகை வைத்தோம். டீ வந்தது. ஒருத்தியும் தொடவில்லை.

பழைய தாள் செல்லாது என்று எழுதி, இரண்டாவது உலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிறுத்தி வைப்பதுதான், ரத்து இல்லை. உன் பத்திரத்தை 16-ஆம் தேதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பழைய உலை இன்னும் புகைகிறது. அடுத்து அதுதான். உனக்கு இனி மேடை இல்லாததால் நேரம் இருக்கும். வருவதானால் வா. பேச வேண்டியதில்லை, விரிப்பு மடிக்க ஆள் குறைகிறது.

உன்னை மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை, அந்த மட்டில் புத்தி இருக்கிறது. அதைத் தர நான் யார்? அந்த அறையில் இருந்த ஆறு பேரிடம் கேட்டுக்கொள். ரேடியோவிடம் கடைசியாகப் போ. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

அதிகாரி அவர் வேலையைப் பார்த்தார். கம்பெனிக்காரர் அவர் லாபத்தைப் பார்த்தார். உனக்குப் பயம். இவர்களையெல்லாம் காறித் துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அந்தத் தாளை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்து முடித்து, மூடியைத் திருகி மூடி, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனாளே ஒருத்தி, அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். யாரென்று கீழே எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா